கைராசி இல்லையாம்! உங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தீர்களா?

நீளமான பதிவு. மூட்டு வலியால் இரண்டு வாரம் எதுவும் எழுதவில்லை, அதற்கும் சேர்த்து இன்றைக்கு. கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். யாருக்காவது சுருக்கென்று பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். பி.என். ரோட்டுப் பக்கம் புது வீடு. கிரகப்பிரவேசத்துக்கு நான் போனபோது ஹாலில் எட்டு தொட்டிச் செடிகள் இருந்தன. மணி பிளாண்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா, ஸ்நேக் பிளாண்ட், ஜீஜீ பிளாண்ட் என்று பெரிய நர்சரியில் வாங்கியவை. சிலது அன்பளிப்பாக வந்தவை. இப்போது போனால் ஆறு தொட்டி காலி. மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தார்கள்.

நான் கேட்பதற்கு முன்பே அவனுடைய அம்மா சொன்னார்: "என்னத்தைச் சொல்றதுங் டீச்சர். எங்க மருமகளுக்குக் கைராசியே இல்லைங். அவ கையில வெச்சது எதுவும் துளுக்கறதில்லைங்."

அந்தப் பெண் டீ டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. அந்தச் சொல் தொட்டிச் செடியைப் பற்றி மட்டும் சொல்லப்பட்டதல்ல என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். என் மாணவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாம் வகுப்பில் பதில் தெரியாதபோது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பானே, அதே முகம்.

(இதை எழுதலாமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் போடாதீங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.)

நான் எழுந்து அந்த ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். கிழக்கே ஒரு பெரிய ஜன்னல். அதற்குக் கறுப்புக் கூலிங் கிளாஸ். அதன் மேல் கொசு வலை. அதன் மேல் தடித்த திரை, ஏசி குளிர்ச்சி போகக் கூடாதாம். மேற்கே ஒரு ஜன்னல், அதிலிருந்து நான்கு அடியில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். பகல் பதினோரு மணிக்கு டியூப் லைட் எரிகிறது. செடிகள் இருந்த இடம் எது தெரியுமா? டிவிக்குப் பக்கத்து மூலை. வாஸ்துக்காரர் குறித்துக் கொடுத்த மூலை.

"தம்பி, உன் போனில் வெளிச்சம் அளக்கிற ஆப் ஒன்று இறக்கு" என்றேன். இறக்கினான். திரையை விலக்கி, கண்ணாடியைத் திறந்து ஜன்னலோரம் வைத்தால் 2,800 லக்ஸ். சோபா பக்கம் 210. டிவி மூலையில் 35. போன் காட்டுகிற கணக்கு துல்லியம் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் 2,800க்கும் 35க்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்குத் துல்லியம் எதற்கு? வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் பக்கம் வரும். அடர்ந்த காட்டில் மரங்களுக்கு அடியில், தரை வரைக்கும் இறங்குவது அதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் என்பார்கள். அதுவே ஆயிரம், இரண்டாயிரம் லக்ஸ். நாம் வீட்டுக்குள் வைக்கிற செடிகளில் பாதி அந்தக் காட்டு நிழலில் பிறந்தவை. மணி பிளாண்டின் பூர்வீகம் பசிபிக் கடலில் இருக்கிற மூரியா தீவு. அங்கே மரத்தைப் பற்றி மேலே ஏறுகிற கொடி அது. எதற்கு ஏறுகிறது? வெளிச்சத்துக்கு. அந்தக் கொடியைக் கொண்டுவந்து 35 லக்ஸில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பெண்ணின் கையைக் குறை சொல்கிறோம்.

நம் தமிழில் வெயில் என்று ஒரு சொல் இருக்கிறது, வெளிச்சம் என்று ஒரு சொல் இருக்கிறது. நிழல் வேறு, இருட்டு வேறு. நர்சரிக்காரர் "இதுக்கு வெயில் வேண்டாம்" என்றுதான் சொன்னார். நீங்கள் அதை "வெளிச்சம் வேண்டாம்" என்று காதில் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். சில நர்சரிக்காரர்கள் வியாபாரத்துக்காக அப்படியே சொல்வதும் உண்டு. "பாத்ரூம்ல வெச்சாலும் வளருமுங்க!" வெளிச்சமே இல்லாமல் வளர்கிற பச்சைச் செடி ஒன்றும் கிடையாது. 1779லேயே இங்கென்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர் எழுதி வைத்துவிட்டார், பச்சை இலை தன் வேலையைச் செய்வது வெளிச்சத்தில்தான் என்று. உங்களுக்கும் நான் செய்து காட்டியிருக்கிறேன். இலையின் பாதியில் கறுப்புத் தாளைக் கிளிப் போட்டு இரண்டு நாள் விட்டோம். பிறகு இலையைப் பறித்துச் சாராயத்தில் வேக வைத்து அயோடின் விட்டோமே. வெளிச்சம் பட்ட பாதி மட்டும் கருநீலம் ஆனது. தாள் மூடிய பாதியில் மாவுச்சத்து இல்லை, அதாவது அந்தப் பாதி இலைக்குச் சோறு இல்லை. அதைப் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதினீர்கள். வீடு கட்டும்போது மறந்துவிட்டீர்கள்.

"அப்படின்னா வாங்கி ஆறு மாசம் நல்லா இருந்துச்சே டீச்சர்?" என்று அவன் கேட்டான். நல்ல கேள்வி. ஜீஜீ பிளாண்டைப் பிடுங்கிப் பாருங்கள், மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஸ்நேக் பிளாண்டுக்கும் மண்ணுக்கடியில் தடித்த தண்டு உண்டு, இலையும் தடிப்பு. நர்சரியில் பச்சை வலைக்கு அடியில் நல்ல வெளிச்சத்தில் இருந்தபோது சேர்த்து வைத்த சேமிப்பை, உங்கள் வீட்டு இருட்டில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறது. சம்பளம் நின்றுபோன வீடு சேமிப்பில் ஓடுகிற மாதிரி. சேமிப்புத் தீர்ந்த அன்று சாய்கிறது. அதற்கு முந்தின வாரம் யார் தண்ணீர் ஊற்றினார்களோ அவர்கள் மேல் பழி.

தண்ணீர்க் கதை இன்னும் மோசம். இலை மஞ்சளாகிறது. "தண்ணியே ஊத்தறதில்லை" என்று ஒரு குரல் வருகிறது. அந்தப் பெண் பயந்து தினமும் ஊற்றுகிறாள். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி தண்ணீரை மெதுவாகத்தான் எடுக்கும். மண் காயாது. வேர் அழுகும். வேர் அழுகினால் இலை வாடும். வாடினால் இன்னும் ஒரு சொம்பு. ஆறு தொட்டியும் இப்படித்தான் போயிருக்கின்றன. மண்ணை முகர்ந்து பார்த்தேன், புளித்த நாற்றம்.

இப்போது என் கதை. இதைச் சொல்லாமல் உங்களைத் திட்ட எனக்கு உரிமை இல்லை.

1984ல் எனக்குக் கல்யாணம். ராயபுரம் பக்கம் வாடகை வீடு, பின்னால் சின்ன வாசல், அதில் மாமியார் வைத்திருந்த துளசி. கிழக்கே காலியிடம். காலை ஏழு மணிக்கெல்லாம் துளசி மேல் வெயில் விழும். இரண்டு வருடத்தில் அந்தக் காலியிடத்தில் பனியன் கம்பெனி ஷெட் ஒன்று எழும்பியது. திருப்பூர் முழுக்க அப்போது அப்படித்தான், ராத்திரி காலியிடமாகப் பார்த்தது விடிந்தால் ஷெட். அதைக் குறை சொல்லவில்லை, அந்த ஷெட்டுகளில்தான் உங்களில் பாதிப்பேருடைய அப்பா அம்மா சம்பாதித்து உங்களைப் படிக்க வைத்தார்கள். ஆனால் துளசிக்கு வெயில் போய்விட்டது. காம்பு நீண்டு, இலை சிறுத்து, ஒரே ஆறு மாதத்தில் குச்சியானது. இன்னொன்று வைத்தோம், அதுவும் போனது. "வேலைக்குப் போற பொம்பளை தண்ணி ஊத்துனா துளசி எங்க நிக்கும்?" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அந்தச் சொல்லோடு இருந்தேன். விடியற்காலை எழுந்து குளித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். விரதம்கூட இருந்தேன்.

அதே வருடம் பள்ளிக்கூடத்தில் அட்டைப்பெட்டிச் சோதனை செய்தேன். ஒரு பக்கம் ஓட்டை போட்ட பெட்டிக்குள் அவரை விதை முளை. நாலைந்து நாளில் முளை ஓட்டையைப் பார்த்து வளைந்து நிற்கும். டார்வின் தன் மகனோடு சேர்ந்து புல் முளைகளை வைத்து இதை ஆராய்ந்து 1880ல் பெரிய புத்தகமே போட்டார். நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்கும்போது, எங்கள் தெருவிலிருந்து வருகிற ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். "டீச்சர், உங்க ஊட்டுத் துளசியும் இப்பிடித்தானுங் சாஞ்சிருக்குது. ஷெட்டுக்கு அந்தப் பக்கமா."

வகுப்பே சிரித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வருடா வருடம் ஒளிச்சேர்க்கை நடத்துகிறவள் நான். என் வீட்டு வாசலில் அது நடப்பதை ஒரு பதினொரு வயதுக் குழந்தை பார்த்தாள், நான் பார்க்கவில்லை. விரதம் இருந்துகொண்டிருந்தேன். அன்று சாயங்காலமே புதுத் துளசி ஒன்றைத் தொட்டியில் நட்டு மொட்டை மாடியில் வைத்தேன். துளசி மாடியில் இருக்கலாமா என்று வீட்டில் சண்டை. இரண்டு மாதத்தில் அது புதர் மாதிரி வந்து கதிர் விட்டது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. முழங்கால் வலியோடு தினமும் மாடி ஏறி அங்கேயே விளக்கு வைத்தார், அவ்வளவுதான்.

அதனால்தான் "கைராசி" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செடி நன்றாக வளர்ந்தால் நர்சரி நல்ல நர்சரி, மண் நல்ல மண். செத்தால் மட்டும் மருமகள் கை. எந்த வீட்டிலாவது ஆண்பிள்ளைக்குக் கைராசி இல்லாததால் செடி செத்தது என்று கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

இதில் எனக்குத் தாங்க முடியாத வேடிக்கை ஒன்று. திருப்பூர்க்காரனுக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறதே! அந்த மாணவனிடமே கேட்டேன். "டையிங்கில் இருந்து வந்த துணியை ஷேடு ஓகே பண்ண எங்கே பார்ப்பாய்?" "லைட் பாக்ஸ்லங் டீச்சர். டி65ல பாக்கணும், டிஎல்84ல பாக்கணும், யுவி போட்டும் பாக்கணும். பகல் வெளிச்சத்துல ஒண்ணா தெரியற ரெண்டு துணி, கடை லைட்டுல வேற வேற கலரா தெரியும். பையர் ரிஜெக்ட் பண்ணிடுவான்." பாருங்கள், எவ்வளவு அழகாகச் சொல்கிறான்! கண்ணை நம்பாதே, எந்த வெளிச்சத்தில் இருக்கிறது என்று கேள், என்பது அவனுக்குத் தொழில். எங்கேயோ ஒரு கடையில் எரியப்போகிற விளக்குக்காக இங்கே ஒரு பெட்டி வைத்திருக்கிறான். தன் வீட்டு ஹாலில் எவ்வளவு வெளிச்சம் என்று நான்கு வருடமாகப் பார்த்ததில்லை.

நம் கண் பொல்லாதது. இருட்டில் கண்மணி விரிந்து, 35 லக்ஸையும் "நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு" என்று சொல்லிவிடும். இலைக்கு அந்த வித்தை தெரியாது. ஆப் எல்லாம் வேண்டாம் என்றால், பகல் பதினோரு மணிக்குத் தொட்டி வைக்கப்போகிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெரிந்தால் நல்ல வெளிச்சம். கை மாதிரி மங்கலாகத் தெரிந்தால் மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட் போன்றவை தாங்கும். நிழலே விழவில்லையா? அங்கே பிளாஸ்டிக் செடி வையுங்கள்.

அடுத்து யூடியூப். "தெற்குப் பார்த்த ஜன்னல்தான் பெஸ்ட்" என்று ஒரு தம்பி தமிழில் பேசுகிறார். அவர் எங்கே படித்துவிட்டுப் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். அது லண்டன் கணக்கு. லண்டன் பூமத்திய ரேகையிலிருந்து 51 பாகைக்கும் மேலே. அங்கே வருடம் முழுக்க நடுப்பகல் சூரியன் தெற்கேதான். டிசம்பரில் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அதனால் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் நேராக வீட்டுக்குள் வரும். நம் திருப்பூர் 11 பாகை. ஏப்ரல் 19 வாக்கில் ஒரு தடவை, ஆகஸ்ட் 24 வாக்கில் ஒரு தடவை, நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில். குச்சி நட்டால் நிழல் இருக்காது, பள்ளி மைதானத்தில் பார்த்திருக்கிறோமே. அந்த இரண்டு தேதிக்கும் நடுவில், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரைக்கும், நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே! தெற்கு ஜன்னலில் அப்போது நேர் வெயில் அநேகமாக விழாது. புரட்டாசியிலிருந்து பங்குனி வரைதான் அங்கே வெயில் எட்டிப் பார்க்கும், மார்கழியில் நன்றாக. அதிலும் சன் ஷேடு பாதியை மறைக்கும். நம் ஊர் மார்கழி உச்சி சூரியன், லண்டனில் ஆனி மாதத்து உச்சி சூரியனுக்குக் கிட்டத்தட்டச் சமமான உயரத்தில் நிற்கிறது. அந்த ஊர்ப் பாடத்தை இந்த ஊர் ஜன்னலுக்கு நடத்தினால் எப்படி?

நமக்கு உச்சி வெயில் மொட்டை மாடியில் விழுகிறது. ஜன்னல் வழியாக உள்ளே வருவது காலை வெயிலும் மாலை வெயிலும்தான். அதனால் நம் வீட்டில் முதல் ஜன்னல் கிழக்கு. காலை இளவெயில் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் நாள் முழுக்க வெளிச்சம். பெரும்பாலான உள்வீட்டுச் செடிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மேற்கு ஜன்னலில் மாசி முதல் வைகாசி வரைக்கும் மூன்று மணி வெயில் கண்ணாடியைச் சுட வைக்கும், ஒட்டி நிற்கிற இலை கருகும். இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள், அல்லது மெல்லிய வெள்ளைத் துணி போடுங்கள். (உங்களிடம் இல்லாத துணியா!) ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது அங்கே தொட்டி மண் சீக்கிரம் காயும், விரல் விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். கற்றாழை, கற்பூரவல்லி மாதிரி வெயில் தாங்கிகளுக்கு அந்த ஜன்னலே சரி. வடக்கு ஜன்னல் எதிரில் திறந்த வெளி இருந்தால் மணி பிளாண்டுக்கும் பீஸ் லில்லிக்கும் போதும்.

திசையைவிடப் பெரியது எதிர்ச் சுவர். கிழக்கு ஜன்னல் என்று பெயர்தான், மூன்று அடியில் அடுத்த வீட்டுச் சுவர் என்றால் அது ஜன்னல் இல்லை, காற்று வருகிற ஓட்டை. ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பாருங்கள். தொட்டி இருக்கிற இடத்திலிருந்து ஒரு துண்டு வானம் தெரிகிறதா? தெரிந்தால் செடி பிழைக்கும். இன்னொன்று நம் ஊருக்கே உரியது, பஞ்சுத் தூசு. நிட்டிங் ஓடுகிற தெருவில் கொசு வலையை மூன்று மாதம் துடைக்காமல் விட்டால் கம்பளி போர்த்தின மாதிரி ஆகிவிடும். இலை மேலும் படியும். ஈரத்துணியால் துடைத்து விடுங்கள், வலையைக் கழற்றிக் கழுவுங்கள்.

"ஏர் பியூரிஃபை பண்ணுமாம், நாசாவே சொல்லியிருக்கு" என்று ஃபார்வர்டு அனுப்புகிற உறவுகளுக்கு ஒரு வார்த்தை. 1989ல் நாசாவுக்காகச் செய்த அந்தச் சோதனை காற்றுப் புகாமல் அடைத்த சின்னக் கூண்டுகளுக்குள் செய்தது. 2019ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் இந்த மாதிரிச் சோதனைகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாக நடக்கிற காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டும் என்றால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி, கூடினால் ஆயிரம் செடி வேண்டுமாம். ஜன்னலைத் திறந்துவிடுங்கள் சாமி. காற்றும் வரும், வெளிச்சமும் வரும்.

லைன் வீட்டில் இருக்கிற என் பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். ஒரே அறை, ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த லைனைப் பார்த்தது. உங்களை நான் திட்டவே இல்லை. வாசல்படி ஓரம், மாடிப்படி, பொதுச் சுவர் மேல் ஒரு பெயிண்ட் டப்பா, இவற்றில் எங்கே வானம் தெரிகிறதோ அங்கே ஒரு கற்பூரவல்லிக் குச்சியை ஊன்றுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாம், என்னிடம் நிறைய இருக்கிறது. வீட்டுக்குள்தான் வேண்டும் என்றால் ஒன்பது வாட் வெள்ளை எல்இடி பல்பைச் செடிக்கு ஒரு அடி மேலே கட்டி, பகலில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிய விட்டால் மணி பிளாண்ட் தாக்குப்பிடிக்கும். கம்பெனி ஆபீசுக்கும் இதுதான். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு போட்டோ எடுத்துவிட்டு, ரிசப்ஷன் இருட்டு மூலையில் வைத்துக் கொல்லாதீர்கள்.

அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஸ்நேக் பிளாண்ட் ஒன்று, மணி பிளாண்ட் பாதி. நானே கத்தரி வாங்கி, மணி பிளாண்டில் நன்றாக இருந்த கணுக்களாகப் பார்த்து நான்கு துண்டு வெட்டி, தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கிழக்கு ஜன்னலில் வைத்தேன். பகலில் திரையை விலக்கி வைக்க வேண்டும் என்று என் மாணவனிடம் சொன்னேன், அவன் மனைவியிடம் இல்லை. அவன்தான் விலக்குகிறான், தினமும் போட்டோ அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. போன வியாழக்கிழமை வந்த போட்டோவில் மூன்று துண்டில் வெள்ளை வேர், ஒன்றில் சுருட்டின புது இலை.

கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். அவனுடைய அம்மா. "துளுத்துருச்சுங் டீச்சர்! உங்க கை பட்டதில்லீங், அதானுங்!"

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அங்கே போகிறேன். அந்தப் பாட்டில் துண்டுகளை மண்ணுக்கு மாற்ற வேண்டும். இந்தத் தடவை நான் எதையும் தொடப் போவதில்லை. மருமகள் கையால் நடச் சொல்லி, மாமியாரை அதே ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைக்கப் போகிறேன்.